மூழ்கிய காட்டில் ஒரு சந்து

1

இந்தக் கதை ஒரு ஜாம் பாட்டிலிலிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அண்ணன் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் அது உட்கார்ந்திருந்தது. ரொட்டியில் தடவிக்கொள்ளலாமே என்று எடுத்துத் திறந்தேன். உள்ளே காய்ந்து கறுத்த ஏதோ ஒன்று. அதில் ஊசி ஊசியாக வெள்ளை முட்கள். நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. என்னவென்று யூகிப்பதற்குள் அண்ணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"அத மூடி வை தம்பி. நீர்நாய் எச்சம். ஒரு துணுக்குகூட சிந்திடாத, அது சாட்சி."

எச்சம் வந்து சாட்சி சொல்கிற வழக்கு என்ன வழக்கு என்று கேட்டேன். அன்று மதியம் அண்ணி சொன்னதும், பிறகு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தோண்டித் துருவி வாங்கியதும்தான் இந்தக் கதை.

அண்ணி நீர்வளத் துறையில் ஏரி அளப்பவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். பகலெல்லாம் ஊரார் பிழையை நான் திருத்துவேன், ஞாயிற்றுக்கிழமை என் பிழையை அண்ணி திருத்துவார். இந்தக் கதையின் ஒவ்வொரு வரைவும் அவர் கைக்குப் போய்ச் சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது. அடிபட்ட இடங்களில் சிலவற்றை நீங்கள் பார்ப்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மலைகளின் மடியில், யாரோ மறந்துவிட்டுப் போன கண்ணாடியைப் போல அந்த ஏரி —

(ஓரத்தில் அண்ணி: "கண்ணாடி ஒம்போது கிலோமீட்டர் நீளமா?")

இரண்டாம் தொடக்கம்: ஆழம் தெரியாத அந்த நீரில் எத்தனை இரகசியங்கள் —

("ஆழம் தெரியும். 318 மீட்டர். நான்தான் அளந்தேன்.")

மூன்றாவதை அவரே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

முன்பு அங்கே ஏரி கிடையாது. ஆறு ஓடிய பள்ளத்தாக்கு இருந்தது. ஒரு நிலநடுக்கத்தில் பக்கத்து மலையின் பாதி சரிந்து ஆற்றுக்குக் குறுக்கே விழுந்தது. போக வழியில்லாமல் தண்ணீர் ஏறியது. வயலாக இருந்ததும் காடாக இருந்ததும் முங்கின. சரிந்த மலையின் விளிம்பைத் தொட்ட பிறகுதான் தண்ணீருக்கு வழி கிடைத்தது. அந்தப் பக்கம் நாற்பது மீட்டர் அருவியாகக் குதித்தது. இன்றும் குதிக்கிறது. அந்த அருவியில் எந்த மீனும் ஏறி வர முடியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முங்கிய காடு இன்னும் நிற்கிறது. தண்ணீரின் குளிரில் மரம் மட்குவதில்லை. கிழக்குக் கரைச் செங்குத்துப் பாறைக்கு அடியில், அறுபது எழுபது மீட்டர் ஆழத்தில், இலையில்லாத மரங்கள் நின்ற நிலையில் அப்படியே இருக்கின்றன. ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எதிரொலிக் கருவியின் திரையில் அவை வாரிக்கொள்ளாத தலைமயிர் போலத் தெரியுமாம். (இந்த உவமை அண்ணியுடையது. தனக்கு மட்டும் அனுமதித்துக்கொள்கிறார்.)

வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால் இருபத்தொரு மீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும். பிறகு மங்கிப் பச்சையாகும், அப்புறம் காணாமல் போகும். நாலு டிகிரியில்தான் தண்ணீருக்கு எடை அதிகம். அதனால் மேலே வெயிலடித்தாலும், உறைந்து ஆள் நடந்தாலும், அடித் தண்ணீர் வருடம் முழுவதும் அதே நாலு டிகிரியில் கிடக்கும். சாலையைப் பனி ஏழு மாதம் மூடிவிடும். திறந்திருக்கும் ஐந்து மாதத்தில் முக்குளிப்பான்கள் வந்து மிதக்கும் கூடு கட்டுகின்றன. மலை ஆடுகள் பாறையில் உப்பு நக்க இறங்குகின்றன. ஒரே ஒரு நீர்நாய்க் குடும்பம் இருக்கிறது.

மீன்? துறையின் பழைய அறிக்கை ஒரு வரியில் முடித்துவிட்டது: "மீன் இனம் எதுவும் இல்லை."*

* எழுதியவர் அங்கே எத்தனை நாள் தங்கினார் என்று அண்ணி பழைய பதிவேட்டில் தேடிப் பார்த்தார். ஒரு நாள். மழை பெய்திருக்கிறது.

3

அந்த ஒரு வரியை நம்பி அறுபது வருடம் கழித்து ஒரு திட்டம் போட்டார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து பண்ணையில் வளர்த்த மீன்குஞ்சுகளை ஏரியில் விடுவது. தூண்டில் போட ஆசைப்படும் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், படகு ஓடும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த நீருக்கே உரிய மீன் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. வெளி மீன் பசிக்காரன். சொந்த மீன் இருந்தால் பத்து வருடத்தில் துடைத்துவிடும். ஆகவே ஏரி அளப்பவர் போய்ப் பார்த்து "இல்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும். சம்பிரதாயம்தான்.

அண்ணி போனார். ஏரியின் தலைப்பகுதியில், அருவியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறையில் நீர்நாய் எச்சத்தைப் பார்த்தார். அதில் மீன் முள்ளும் செதிலும். ஜாம் பாட்டிலை அங்கேயே காலி செய்து (மிச்சமிருந்த ஜாமை நின்றபடியே தின்று தீர்த்தாராம்) அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

மேலதிகாரி சிரித்தார். நீர்நாய் அருவிக்குக் கீழே ஆற்றில் தின்றிருக்கும், மேலே வந்து போட்டிருக்கும் என்றார். அண்ணி விடவில்லை. தின்றது மூன்று மணி நேரத்துக்குள் நீர்நாயின் வயிற்றை விட்டு வெளியே வந்துவிடும். மூன்று மணி நேரத்தில் அது அருவிப் பாறையும் ஏறி ஒன்பது கிலோமீட்டரும் நீந்தியது என்றால் அதற்குத்தான் பதக்கம் கொடுக்க வேண்டும் என்றார். மேலதிகாரிக்குச் சிரிப்பு நின்றது. மீன்குஞ்சு லாரிக்குத் தேதி குறித்தாயிற்று, அதற்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, முடிந்தால் மீனைப் பிடித்துக் காட்டுங்கள், எச்சத்தை வைத்துக்கொண்டு கோப்பு எழுத முடியாது என்றார்.

எத்தனை பேர் அந்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அண்ணி அடித்துவிட்டார். "மத்தவங்க எனக்கு என்னத்துக்கு? எனக்கு அந்த முள்ளு யாருதுன்னு தெரியணும். அவ்ளோதான்."

4

இனி படகுக்காரர்.

இவரைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. அரசாங்கப் படகு அவர் பொறுப்பு. ஏரியில் யாரும் மீன் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. அருவி விளிம்புக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு, மனைவி, ஒரு தரைவழி போன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். திட்டம் வந்தால் ஆறு படகு வரும், அவர்தான் தலைமை. நகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும் மகளும் மருமகனும் திரும்பி வந்து அவரோடு இருக்கலாம். இதை அவர் மனைவி முதல் நாளே தேநீர் ஊற்றிக்கொண்டே அண்ணியிடம் சொல்லிவிட்டார். குறையாகச் சொல்லவில்லை, எங்கள் நிலைமை இது, தெரிந்துகொள்ளுங்கள் என்பது போல.

அப்படிப்பட்டவரின் படகில் ஏறி, அப்படிப்பட்டவர் துடுப்புப் போட, அவர் பிழைப்பைக் கெடுக்கும் மீனை அண்ணி தேடினார்.

தினம் பிற்பகலில் செவுள் வலையை இறக்குவார்கள். மறுநாள் காலையில் தூக்குவார்கள். வலையின் கண்ணில் மீன் தலையை நுழைத்தால் செவுளில் மாட்டிக்கொள்ளும். முதல் நாள் வலை வெறுமையாக வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஆற்று முகத்தில், நாலாம் நாள் நட்டநடு ஏரியில் இருநூறு மீட்டருக்குக் கீழே. வலையை இழுத்து இழுத்து அண்ணியின் உள்ளங்கை வெந்தது போலாகி, துணி சுற்றிக்கொண்டார். ஐந்தாம் நாள் செங்குத்துப் பாறைப் பக்கம் போனார்கள். முங்கிய மரங்களில் மாட்டி ஒரு வலை கிழிந்தது. ஆறாம் நாள் கொஞ்சம் தள்ளிப் போட்டதில் இன்னொரு வலை போயே போய்விட்டது. மிச்சம் ஒரே வலை. இனிமேல் மரப் பக்கமே வேண்டாம் என்று அண்ணி முடிவு செய்தார்.

என் இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் படகுக்காரர் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, யாருக்கும் தெரியாமல் வலைக் கயிற்றை —

(இந்தப் பக்கத்தில் பென்சில் தாளைக் கிழித்திருக்கிறது. அண்ணி என்மேல் கோபப்பட்டது இந்த ஒரு தடவைதான். "வலைய அறுத்தது மரம். உனக்கு ஒரு வில்லன் வேணும்னா வேற ஊர்ல போய்த் தேடு.")

ஏழு, எட்டு, ஒன்பது. வெறும் வலை. மேலதிகாரி போன் செய்து, போதும் இறங்கி வாருங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று அண்ணி எண்ணிக் காட்டினார். ஒன்பதாம் நாள் சாப்பாட்டின்போது படகுக்காரரின் மனைவி அண்ணியின் கையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் களிம்பு கொண்டுவந்து தானே தடவிவிட்டார்.

5

பத்தாம் நாள் பிற்பகல். அண்ணி மேற்குக் கரையைக் காட்டி, அந்த வளைவுக்குப் போகலாம் என்றார். படகுக்காரர் தலையசைத்துவிட்டுத் துடுப்புப் போட்டார். படகு மேற்கே போகவில்லை. கிழக்கே, செங்குத்துப் பாறையை நோக்கிப் போனது. அண்ணி இரண்டு தடவை சொன்னார். துடுப்பு நிற்கவில்லை. பாறையில் துருப்பிடித்த மாதிரி ஒரு நீளக் கறை; அதற்கு நேராக வந்ததும் படகைத் திருப்பி, பாறைக்கு முதுகைக் காட்டி, எண்ணி முப்பது தடவை துடுப்பை இழுத்தார். நிறுத்தினார்.

"இங்க போடுங்க மேடம். நீளவாக்குல. குறுக்க போட்டா மாட்டிக்கும்."

கீழே மரம் நிற்கிறதே, இருக்கிற ஒரு வலையும் போய்விடுமே என்றார் அண்ணி.

"மரம் ரெண்டு பக்கமும் இருக்கு. நடுவுல ஒரு சந்து. அந்தக் காலத்து வண்டிப் பாதையா இருக்கணும். அதுல மரம் இல்ல."

எப்படித் தெரியும் என்று அண்ணி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏரி உறைந்து, சாலை மூடி, ஏழு மாதம் ஆளரவமே இல்லாத இடத்தில், பனியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கினால் ஒரு மனிதனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு சாணாகத் தெரிந்துவிடும். மீன் பிடிக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர், குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பிடித்து வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் சொன்னார்? ஆறு படகையும் மகளையும் ஏன் தண்ணீரில் விட்டார்? நான் மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். மனசாட்சி என்று ஒன்று. அண்ணியின் வெந்த கை என்று ஒன்று. வெளி மீன் வந்தால் தன் மீன் அழியும் என்று கணக்குப் போட்டார் என்று ஒன்று. மூன்றையும் அண்ணி அடித்தார். அவர் சொன்ன காரணம் ஒன்றுதான், அதைத்தான் நீ எழுத வேண்டும் என்றார். வலை முழுக்க இறங்கிய பிறகு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாராம்:

"ஒம்போது நாளா நீங்க தப்பான எடத்துல போடுறதப் பாத்துக்கிட்டே துடுப்பு போடுறது கஷ்டமா இருந்துச்சு மேடம்."

பதினோராம் நாள் காலை வலையைத் தூக்கினார்கள். ஏழு மீன்கள். ஒரு சாண் நீளம், வெளுத்த சாம்பல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்கள். ஆழத்திலிருந்து வந்த வேகத்தில் வயிறு உப்பியிருந்தது. மலை சரிந்த அன்று அருவிக்கு மேலே மாட்டிக்கொண்டவற்றின் வம்சமாக இருக்க வேண்டும். அண்ணி ஒவ்வொன்றையும் அளந்தார், படம் எடுத்தார், செதிலைப் பாட்டிலில் இருந்த செதிலோடு வைத்துப் பார்த்தார். ஒன்றுதான்.

"அழுதீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"கை ஈரமா இருந்துச்சு, நோட்டு நனஞ்சிடுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

6

நண்பகலில் லாரி வந்தது. தேதி தேதிதான். எட்டுத் தொட்டிகளில் நாற்பதாயிரம் குஞ்சுகள். பக்கத்தில் காற்று செலுத்தும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. கரைக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே சங்கிலி. சாவி படகுக்காரரிடம். படகுக்காரர் அதை எடுத்து அண்ணியின் கையில் வைத்துவிட்டுத் துடுப்பைக் கழுவப் போய்விட்டார்.

அண்ணி மேலதிகாரிக்குப் போன் செய்து ஏழு மீன் என்றார். நல்லது, அறிக்கையில் எழுதுங்கள், இப்போது லாரி வந்துவிட்டதால் குஞ்சுகளை விட்டுவிடுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் அவர். விட்ட பிறகு பேச ஒன்றும் இருக்காது என்றார் அண்ணி. இது உத்தரவு என்றார். எழுத்தில் அனுப்புங்கள் என்றார் அண்ணி. மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

ஓட்டுநருக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாத பேச்சு. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்னும் மூன்று மணி நேரத்தில் குஞ்சுகள் சாக ஆரம்பிக்கும். "இதுவும் உசுருதானேம்மா," என்றார். அண்ணி தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். தண்ணீரில் வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கீழே, அருவிக்கும் கீழே, ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதில் ஏற்கெனவே இதே மீன்தான். அங்கே விடலாம். போக இரண்டரை மணி நேரம். வழியில் மூன்று இடத்தில் ஓடை குறுக்கிடுகிறது. நான் கூட வருகிறேன், தண்ணீர் மாற்றிக்கொண்டே போகலாம் என்றார்.

சங்கிலி பூட்டியபடி இருந்தது. அண்ணி லாரியில் ஏறினார். மூன்று ஓடையிலும் இறங்கி, ஓட்டுநரும் அவருமாக வாளி வாளியாகச் சுமந்தார்கள். களிம்பு போட்ட கை மறுபடியும் பிய்ந்தது. நீர்த்தேக்கத்தில் விட்டபோது கால்வாசி செத்து மிதந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் விட்டுவிட்டிருந்தேன். வெற்றியின் நடுவே எதற்கு என்று. அண்ணி ஓரத்தில் எழுதிச் சேர்த்தார்: "பத்தாயிரம் செத்துச்சு. போடு."

7

அவ்வளவு கறாரான மனுஷி எழுதிய அறிக்கையில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. நாலாம் பக்கம்: "வலை இட்ட இடம் எனது அனுபவத்தின் அடிப்படையில் தேர்வு செய்யப்பட்டது." உண்மையை எழுதினால் படகுக்காரர் வேலை போய்விடும், வழக்கும் வரும். எழுதாமல் விட்டால் கேள்வி வரும். எழுதினார், பொய்யாக.

மேலதிகாரி மெமோ கொடுத்தார். விசாரணை வந்தது. எட்டு வாரம் கழித்து, ஏரி உறைவதற்கு முன், மூன்று பேர் குழு ஒன்று மறு ஆய்வுக்குக் கிளம்பியது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே படகு, அதே ஆள், அதே சந்து. பதினொரு மீன் கிடைத்தது. திட்டம் நின்றது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். மீன்களைப் பொறுத்தவரை கதை நல்லபடியாக முடிந்துவிட்டது, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

படகுக்காரரைப் பொறுத்தவரை?

அவரைக் காப்பாற்றத்தான் அண்ணி பொய் எழுதினார் என்றால், நான் இப்படி அச்சில் போட்டு உடைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கதையே வேண்டாம் என்று கட்டி வைத்தேன். அண்ணிதான் வழி சொன்னார். "நீளத்த மாத்திடு. ஆழத்த மாத்திடு. பாறை எந்தக் கரையில இருக்குன்னு மாத்திடு." என் வாழ்நாளில் அவர் எனக்கு அனுமதித்த பொய்கள் அவை மட்டுமே. மாற்றிவிட்டேன். ஒன்பதும் இல்லை, 318-ம் இல்லை. படகுக்காரர் ஆணா என்பதற்குக்கூட இந்தக் கதை உத்தரவாதம் தராது. நீங்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு உழைத்திருக்கிறேன்.

8

மறு ஆய்வு அன்று, வலை மேலே வந்து, பதினொன்றும் எண்ணி முடித்த பிறகு நடந்தது இது.

குழுவில் மூத்தவர் ஒரு பெண்மணி. கூர்மையானவர். எதிரொலிக் கருவியின் திரையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். இந்தச் சந்து கருவியில் தெரியவில்லையே, இரண்டு வலையை மரத்தில் இழந்தவர் மூன்றாவதை மறுபடி மரத்துக்கு நடுவிலேயே எந்தத் துணிச்சலில் இறக்கினீர்கள் என்று கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினார். அவர் கேட்க நினைத்த ஆள் அண்ணி இல்லை. படகின் மறுகோடிக்குத் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இந்த எடத்துல மீன் இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் எழுதிப் பார்த்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் படகுக்காரர் "தெரியாது" என்கிறார், வேலை நிலைக்கிறது, ஏழு மாதப் பனியில் துளை போட அவர் மறுபடி போகவே இல்லை. இன்னொன்றில் "தெரியும்" என்கிறார். பெண்மணி நோட்டை மூடி, இந்த ஏரியை அறிந்த ஒருவர் காவலுக்குத் தேவை என்று பரிந்துரை எழுதுகிறார். மூன்றாவதில் "தெரியும்" என்கிறார், அந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். மூன்றையும் அண்ணியிடம் கொடுத்தேன். அவர் எதையும் அடிக்கவில்லை. சரி என்றும் போடவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, அன்று நடந்ததைச் சொன்னார்.

படகுக்காரர் இரண்டு துடுப்பையும் தண்ணீரிலிருந்து எடுத்துப் படகுக்குள் குறுக்காக வைத்தார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணியின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்:

[                                                            ]

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அச்சகத்தில் இந்தப் பக்கத்தைக் கோக்கும்போது, இங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு தடவை என்னிடமே திருப்பி அனுப்பினார்கள். விட்டுப்போகவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு தடவையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் தடவை அனுப்பினாலும் போடுவேன்.

இடம் உங்களுக்கு. பென்சிலால் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நீங்கள் எந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தாலும், அதைச் சொல்லி முடித்த பிறகு, நாலு பேரையும் கரைசேர்க்க அவர்தான் துடுப்புப் போட வேண்டும்.